பன்னிரண்டில் ஒரு நாற்காலி

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று மாலைப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்கிற சடங்கு. எங்கள் கோவிலைச் சேர்ந்த பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள். அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் சொல்கிற குழு. குழுவுக்கு ஒருவர் என்று பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். நான் கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்த நாளிலிருந்து அந்த நாற்காலிகளில் ஆண்கள்தான் உட்கார்ந்தார்கள். எங்கள் அன்பியத்தின் நாற்காலி பல வருடங்களாக என் வீட்டுக்காரருடையது.

அவர் போய் உட்கார்வதற்கு முன்னால் நடக்கிற வேலை வெளியே தெரியாது. மத்தியானமே அவர் காலை வெந்நீரில் ஊறவைத்து, குதிகாலைக் கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்டு அனுப்புவேன். ஃபாதர் கழுவியதெல்லாம் நான் கழுவி முடித்த காலைத்தான். அங்கே வலது காலை மட்டும்தான் கழுவுவார்கள் என்பதால் ஒரு வருடம் வலதைத் தேய்த்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"இன்னொரு கால்?" என்றார்.

"அது அடுத்த வருஷத்துக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அது முடிந்ததும் நான் கோவிலுக்கு ஓட வேண்டும். துண்டுகளுக்கு இஸ்திரி போடுவது, பாதம் கழுவுகிற பேசினைத் துலக்குவது, நாற்காலிகளுக்கு வெள்ளைத்துணி கட்டுவது, சடங்கின்போது ஃபாதருக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பது எல்லாம் எங்கள் வேலை, அதாவது பெண்கள் வேலை.

என் அம்மா காலத்தில் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் போகலாம், கையில் துடைப்பம் இருந்தால். நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் பெண்களும் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் பெண்பிள்ளைகள் பூசை உதவிக்குப் பீடமேறினார்கள். அப்புறம் பங்குப் பேரவையில் பெண்களுக்கு இடம் கிடைத்தது, கூட்டக் குறிப்பு எழுதவும் டீ ஊற்றவும். ஒவ்வொன்றுக்கும் நான் சந்தோஷப்பட்டேன், இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் நான் வாசகம் வாசித்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின சாயங்காலமும் பீடத்தைப் பெருக்கியது நான்தான். வீட்டிலும் அதே கதைதான். நான் சம்பளம் கொண்டுவந்தேன். அதற்காக யாரும் கரண்டியைக் கையில் எடுக்கவில்லை. புதிதாக ஒன்று கொடுக்கும்போதெல்லாம் பழையதையும் நீயே வைத்துக்கொள் என்று சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது.

பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று ரோமிலிருந்து சொல்லிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அது எங்கள் தெருவுக்கு வந்து சேர ஒரு புது ஃபாதர் தேவைப்பட்டார். இந்த வருடம் தவக்காலத்தில் எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு வந்தவர், பாதி அன்பியங்களிலிருந்து பெண்கள் வர வேண்டும், அதில் எங்களுடையதும் ஒன்று என்றார்.

"யார் வர்றீங்க?" என்று கேட்டார்.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஒருத்திக்குப் பித்தவெடிப்பு, ஒருத்திக்கு நரம்பு சுருண்டிருக்கிறது, ஒருத்திக்கு நகம் கறுத்துப் போயிருக்கிறது. குப்பத்திலிருந்து வருகிற மீன்காரம்மா வாய்விட்டே சொன்னாள்: "என் காலு மீன் தண்ணில ஊறி ஊறி இன்னா கதில கீது தெர்மா ஃபாதர்? நீங்க மயங்கி வுழுந்துடுவீங்க." எல்லோரும் சிரித்தோம். எதிர்ப்பக்கம் ஆண்கள் வெடித்த குதிகால்களை நீட்டிக்கொண்டு, கூச்சமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். உரிமைக்காகத் தூக்கினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் முட்டிவலி. வகுப்பில் நின்று, அடுப்படியில் நின்று, கோவிலில் நின்று தேய்ந்த முட்டி. யாராவது ஒருவர் என் காலடியில் குனிந்து, உட்காரு, இப்போது உனக்கு ஒரு வேலையும் இல்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "எல்லார் முன்னாடியும் புடவையத் தூக்கிக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"கணுக்கால் வரைக்கும் தானேங்க."

"உனக்கு ஆசையா இருந்தா போ. நான் வேணாங்கல."

அந்த 'வேணாங்கல'வுக்குப் பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்தது. காபியை வைத்தால் பேப்பருக்குள்ளிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும். எனக்கு முந்தின தலைமுறைப் பெண்களுக்கு எதிரில் நின்று கத்துகிற ஆள் இருந்தான், திருப்பிக் கத்தலாம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறவரை என்ன செய்வது?

அடையாறிலிருந்து மகள் போன் செய்தாள். "மம்மி, இது ஹிஸ்டாரிக்! யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்க, நான் ஸ்டேட்டஸ்ல போடணும்." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதே மூச்சில் ஈஸ்டருக்குக் கல்கலும் முறுக்கும் சுட்டு அனுப்பச் சொன்னாள், அவள் மாமியார் வீட்டுக்கும் சேர்த்து. ஆபீஸில் வேலை நெட்டி முறிக்கிறதாம். "சரிடி" என்றேன்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் கேட்டேன். "நாளைக்கு நான் உக்காந்துட்டா துண்டு எடுத்துக் குடுக்க ஆள் இல்லீங்க. நீங்க நிக்கிறீங்களா?"

"அது லேடீஸ் வேலையாச்சே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருமாம் என்பது போலச் சொன்னார். கடைசியில் பூசை உதவிக்கு நிற்கிற ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலையில், பெரிய வெள்ளியன்று கோவிலில் ஊற்றுகிற கஞ்சிக்காகப் பெண்கள் சேர்ந்து ஒரு மூட்டைச் சின்ன வெங்காயம் உரித்தோம். பிறகு வீட்டுக்கு வந்து சமைத்தேன். பிறகு துண்டுகள், பேசின், நாற்காலித் துணி. என் நாற்காலிக்கும் நானே துணி கட்டினேன். என் காலையும் வெந்நீரில் ஊறவைக்க நினைத்திருந்தேன், நேரமில்லை. கோவில் குழாயடியில் செருப்பைக் கழற்றிவிட்டு அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடினேன். இவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிரசங்கம் முடிந்ததும் பேர் வாசித்தார்கள். போய் உட்கார்ந்தேன். நாற்காலி என்னவோ சாதாரண பிளாஸ்டிக் நாற்காலிதான், ஆனாலும் நுனியில்தான் உட்கார முடிந்தது. ஃபாதர் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் முட்டி போட்டுப் போட்டு நகர்ந்து வந்தார். பாடகர் குழு மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. என் முறை வந்தது. அவர் என் வலது காலைப் பிடித்துப் பேசினுக்கு மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். ஜில்லென்று இருந்தது. அத்தனை சுகமாக இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. நான் யோசிக்கவே இல்லை. குனிந்து, ஒரு கையால் பேசினை அவருக்கு வாகாக நகர்த்தி, இன்னொரு கையால், துண்டு கொடுக்க நின்ற அந்தப் பெண்பிள்ளையிடமிருந்து துண்டை வாங்கி, என் காலை நானே துடைத்துவிட்டேன். தரையில் சிந்தியிருந்த தண்ணீரையும் சேர்த்துத் துடைத்தேன். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

"டீச்சர்" என்றார் ஃபாதர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கைய எடுங்க. நான் பண்றேன்."

"பரவாயில்ல ஃபாதர்" என்றேன்.

"கைய எடுங்கம்மா."

துண்டைக் கொடுத்தேன். அவர் மறுபடி தண்ணீர் ஊற்றி, என் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, விரலிடுக்குகளைக்கூட நிதானமாகத் துடைத்தார். நான் ஆசைப்பட்ட ஒரு நிமிடம் நடந்துகொண்டிருந்தது. நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் வைத்தேன், எடுத்தேன், நாற்காலியின் விளிம்பைப் பிடித்தேன், விட்டேன். வேலையில்லாத இரண்டு கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.