நீராவி அக்கா வளர்க்காத கிளி

சலவைக் கடையில் அவளுக்கு நீராவி என்று பெயர். நாள் முழுக்க நீராவி இஸ்திரிப் பெட்டியோடு நிற்பதால் வந்த பெயர் என்று முதலாளி சொல்லிக்கொள்வார். அது வாடிக்கையாளர்களுக்காகச் சொல்வது. பெட்டியைக் கீழே வைத்த பிறகும் அவளிடமிருந்து ஆவி வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அவள் கைபட்ட சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் கை பதறும். அவளுக்குக் கோபம் வந்தால் நிதானம் வந்துவிடும்.

கிளியை அவள் கேட்கவில்லை. அவளோடு இருந்த தம்பி, கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவன், ஒரு மாலை கூண்டும் கையுமாக வந்து நின்றான்.

"உனக்குப் பேச்சுத் துணைக்குக்கா."

"யாராவது பேச ஆளில்லேன்னு உங்கிட்ட அழுதேனா?"

"பாரு, இப்பவே பேச்சு களைகட்டுது."

அன்றிலிருந்து வேலை தானாகவே பிரிந்துகொண்டது. தம்பி கொஞ்சினான். அக்கா கூண்டுத் தட்டைக் கழுவினாள். அந்த வாரமே பறவை டாக்டரம்மாவிடம் கிளியைக் காட்டிவிட்டு வந்தவளும் அவள்தான். வரும்போது ஒரு மூட்டைக் கோபத்தையும் சட்டதிட்டங்களையும் சேர்த்தே கொண்டுவந்தாள். சூரியகாந்தி விதையே சாப்பாடு ஆகாது, காய்கறி நறுக்கிப் போட வேண்டும். இருட்டினால் கூண்டின் மேல் துணி, அதன் பிறகு டிவிக்குக் குரல் கிடையாது. வெளியே பறக்கவிட்டால் ஜன்னல் சாத்தி, மின்விசிறி நின்றிருக்க வேண்டும். நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே பறவைக்கு எமன் என்பதால், அந்தச் சட்டியைத் தூக்கி எறிந்தாள். தம்பி சென்ட் அடித்துக்கொள்வது மாடிப்படிக்கு மாறியது.

ஒருநாள் கிளியின் அலகில் சிப்ஸ் துகள் ஒட்டியிருந்தது.

"ஒரே ஒரு துண்டுதான்கா. ஆசையாப் பாத்துச்சு."

"நீயுந்தான் எல்லாத்தையும் ஆசையாப் பாக்குறே. கூண்டு வாங்கிப் போடவா?"

எதிர்வீட்டுக்காரம்மா, "கிளியை எவ்வளவு ஆசையா வளக்குறே" என்று சொன்னதற்கும் அவள் முகம் சிவந்தது. "நான் வளக்கலை. அது இங்க இருக்கு, அவ்வளவுதான்."

சித்தி மகள் கல்யாணத்துக்காக அவள் ஊருக்குப் போனபோதுதான் வினை வந்தது. வினைக்குப் பெயர் பாசம். அக்கா திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று நினைத்த தம்பி, பட்டறையில் மீந்த பெயிண்டை எடுத்து, துரு ஏறிய கூண்டுக்குச் செர்ரிச் சிவப்பு அடித்தான். அரைகுறை வேலை அவனுக்குப் பிடிக்காது. கிளியைக் குளியலறையில் விட்டுவிட்டு, தேய்த்து, பிரைமர் போட்டு, காயவைத்து, மேலே பளபளப்புக்கும் ஒரு பூச்சு கொடுத்து, அதற்குப் பிறகுதான் கிளியை உள்ளே விட்டான்.

ஊரிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் பெயிண்ட் நாற்றம் அவள் மூக்கில் அறைந்தது.

"எப்படிக்கா? இதே கலர்ல ஒரு கல்யாணக் கார் பண்ணேன். தெருவே திரும்பிப் பாத்துச்சு."

அவள் கூண்டைப் பார்க்கவில்லை, கம்பிகளைப் பார்த்தாள். அலகு எட்டுகிற இடத்திலெல்லாம் சிவப்பு உரிந்து இரும்பு தெரிந்தது. கிளி கம்பில் நிற்க முடியாமல் தரையில் ஒரு மூலையில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. நறுக்கிப் போட்ட கேரட் அப்படியே கிடந்தது.

அவள் கத்தவில்லை. கிளியை ஒரு அட்டைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் கிளம்பினாள், தம்பி பின்னால் ஓடினான்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் பிடித்தார். வயிற்றில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "பெயிண்ட்ல இருக்கிற உலோகம் உள்ள போயிருக்கு. அலகுதான் இதுக்குக் கை. எதையும் கடிச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கும். ஊசி போடுறேன். தாங்குமான்னு இன்னைக்குச் சொல்ல முடியாது."

வெளியே பெஞ்சில் தம்பி அழ ஆரம்பித்தான்.

"அழாதே."

"நான் ஆசையாத்தான்கா..."

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னே, செருப்பு பிஞ்சிடும். கார் கம்பியைக் கடிக்காது. கிளி கடிக்கும். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தா உன் ஆசை குறைஞ்சா போயிருக்கும்? யாரைக் கேட்டு என் கிளிக்கு..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். தம்பி மூக்கை உறிஞ்சினான். "உன் கிளியா?"

"வாயை மூடு."

கிளி தாங்கிவிட்டது. இளைத்து, வால் சிறகு கலைந்து, பூச்சே இல்லாத ஸ்டீல் கூண்டில் வீடு திரும்பியது. பட்டறையிலிருந்து வரும் தம்பி உடை மாற்றிக் கை கழுவாமல் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. சிவப்புக் கூண்டை நசுக்கிப் பழைய இரும்புக்காரனிடம் அவனே போட்டுவிட்டு வந்தான். வேறு கிளிக்குப் போய்விடக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

ஊசியில்லாத சிரிஞ்சில் காலையும் மாலையும் மருந்து புகட்டுவது அவள் பொறுப்பு. துண்டில் சுற்றிப் பிடிப்பாள், அது அலறும், அவளும் பதிலுக்குத் திட்டுவாள். அலகில் பலம் திரும்பிய அன்று, அவள் கட்டைவிரலை ரத்தம் வரக் கடித்துவிட்டுப் பறந்துபோய்த் தம்பியின் தோளில் உட்கார்ந்து, அவன் காதோடு கொஞ்சிக் குலாவியது.

தம்பி சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டான். "எங்கிட்டதான் ஒட்டுதுக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

"நன்றிகெட்ட ஜென்மம்," என்றாள் அவள், யாரை என்று சொல்லாமல். விரலைக் குழாயில் காட்டிக் கழுவி, துணி சுற்றிக்கொண்டாள். பிறகு அதே கையோடு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து, அடியில் வழுவழுப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஜன்னலைச் சாத்துடா," என்றாள் திரும்பாமலே. "அது கூண்டுக்கு வெளிய இருக்கு."