கரிக்கோச்சிக்குக் குறுக்கே நின்றவர்

என்னிடம் ஒரு பழுதாய்ப்போன படம் இருக்கிறது. எடுத்தவனுக்குத்தான் அது பழுது. புகை கக்கிக்கொண்டிருக்கும் கறுத்த எஞ்சின். அதற்கு முன்னால், தண்டவாளத்தின் நடுவே, முதுகைக் காட்டியபடி ஒரு மனிதர். பழைய உடுப்புக் கடையில் வாங்கிய, தோள் பெருத்த மண்ணிறக் கோட். காதை மூடிய தொப்பி. இரண்டு கைகளும் தலைக்கு மேலே. எஞ்சினைப் படம் பிடிப்பதற்கென்றே காத்துக்கிடந்த யாரோ ஒரு வெள்ளைக்காரன் சரியாக அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறான். கழுவிப் பார்த்துவிட்டு என்னென்ன சொல்லித் திட்டினானோ, பாவம். கைமாறிக் கைமாறி அது என்னிடம் வந்து சேர்ந்தது. இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், விட்பியில், என் வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது.

அந்த மனிதரைக் கார்ட் மாமா என்று கூப்பிடுவோம். சொந்தமொன்றும் இல்லை. இலங்கையில் ரயில்வே கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியில் நின்று, எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துப் பச்சைக் கொடி காட்டுவது அவருடைய வேலை. அவர் கொடி காட்டாமல் ட்ரைவர் கோச்சியை அசைக்கக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு ரயில் என்றால் கோச்சி. நிலக்கரி எரித்து நீராவியில் ஓடினால் அது கரிக்கோச்சி. மாமா வேலைக்குச் சேர்ந்தது கரிக்கோச்சிக் காலத்தில். பிறகு அவற்றையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு டீசல் எஞ்சின்களைக் கொண்டுவந்தார்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, தமிழரைத் தேடித்தேடி அடித்த ஆடிக் கலவரத்தில் அம்மாவையும் என்னையும் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றி வந்த கோச்சிக்கு அவர்தான் கார்ட். நான் அப்போது படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவள். கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இடையில் ஒரு சின்ன ஸ்ரேசனில் கோச்சி நின்றது. றோட்டுப் பக்கமிருந்து தடிகளோடு ஆட்கள் வருவது தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்ரேசன் வாசலுக்குள்ளிருந்து ஒரு மனிசனும் மனிசியும் வெளிப்பட்டு, மேடையின் மறு முனையிலிருந்து எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். அந்த மனிசி நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்திருந்தாள். பூப்போட்ட உறை. வீட்டை விட்டு ஓடும்போது கைக்கு எது அகப்படும் என்று யாருக்குத் தெரியும், நாங்கள் கொண்டுவந்தது தேங்காய் துருவும் திருவலை! அம்மா என் கையை நெரித்தபடி, “வெளிக்கிடு முருகா, வெளிக்கிடு” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் ஒருவரும் அவர்களுக்காக வாய் திறக்கவில்லை. கோச்சி ஒரு இழுப்பில் வெளிக்கிட்டது. அந்த இரண்டு பேரும் மேடையில் நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

ரொறன்ரோவுக்கு வந்த இரண்டாம் வருடம், ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ற் லிஃப்டுக்குள் அம்மா அவரை அடையாளம் கண்டார். உடுப்புத் தோய்க்கக் கீழே போய்க்கொண்டிருந்தோம். கூடையைக் கீழே வைத்துவிட்டு, “நீங்கள் அந்தக் கோச்சிக் கார்ட் எல்லோ?” என்றார். அவருடைய முகம் செத்துப்போயிற்று. “எந்தக் கோச்சி?” “எங்களைக் காப்பாத்தின கோச்சி, அண்ணை. நீங்கள் அண்டைக்குக் கொடி காட்டாட்டி நானும் இல்லை, இவளும் இல்லை.” அம்மா அழுது, கும்பிட்டு, லிஃப்ட் மேலும் கீழும் போய்வந்து ஒரே களேபரம். அவர், “விடுங்கோ தங்கச்சி, விடுங்கோ” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அம்மா சோறும் மரக்கறியும் கட்டிக் கொடுப்பார். கொண்டுபோய்க் கொடுப்பது நான். தண்டம் கட்டுகிறவர் மாதிரி அவர் அதை வாங்குவார். அம்மாவின் சமையல் அப்படியொன்றும் மோசமில்லை. நன்றி சொல்லச் சொல்ல அந்த மனிதர் குறுகிப்போனார். அவர் கூச்சப்படுகிறார் என்று நாங்கள் நினைத்தோம், மடைச்சிகள்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கோயில் மண்டபம், கலியாண வீடு, தமிழ்ச் சாமான் கடை, எங்கே போனாலும் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இதைச் சனம் விடுமா? “உவர் பெண்டுகளைப் பாக்கிறார் எண்டு கதைக்கினம்” என்று அம்மாவே ஒருநாள் என்னிடம் குசுகுசுத்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் பார்வையில் அப்படியொன்றும் இல்லை. தொலைத்த சாமானைத் தேடுகிறவரின் பார்வை அது. எதைத் தொலைத்தார் என்று கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை.

அவரும் நானும் ஒரே பக்டரியில், பிளாஸ்ரிக் மூடிகள் அடுக்கும் பகுதியில் வேலை செய்தோம். எங்கள் சுப்பவைசர் ஓய்வு பெறும் வயதிலிருந்த வெள்ளைக்காரர். பழைய ரயில் என்றால் அவருக்குப் பைத்தியம். நீராவி எஞ்சின்களை இந்த நாட்டின் பெரும் பாதைகளிலிருந்து எடுத்துவிட்ட நாளில் தான் அழுததாக வெட்கமில்லாமல் சொல்லுவார். சாப்பாட்டு நேரத்தில் மாமாவின் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வார். மாமாவின் ஆங்கிலமும் அவருடைய கையசைப்பும் எப்படியோ ஒத்துப்போகும். ஒருநாள் மாமா சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன்: “கரிக்கோச்சி மெல்லத்தான் வெளிக்கிடும் பிள்ளை. கொடி காட்டின பிறகும் ஓடிவாறவனுக்குக் கை குடுத்துத் தூக்கலாம். டீசல் அப்பிடியில்லை. ஒரே இழுவை.” சுப்பவைசர் மேசையில் தட்டி ஆமோதித்தார். அவருக்கு அது எஞ்சினைப் பற்றிய கதை. எனக்கும் அப்போது அப்படித்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் சுப்பவைசரின் கூட்டாளிகள் ஒரு பழைய நீராவி எஞ்சினைத் திருத்தி எடுத்து, நினைவுப் பயணமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வெளியே ஓட்டினார்கள். மாமா தானாகவே வருகிறேன் என்றார். எதற்கும் ஆசைப்படாத மனிதர் ஆசைப்பட்டுவிட்டாரே என்று அம்மா சனிக்கிழமை பின்னேரம் முழுக்க இருந்து கட்லெட் பொரித்தார். ரயிலுக்குள் எல்லாரும் தோளில் கமெராவோடு திரிந்தார்கள். அம்மாவின் சேலையும் கோட்டும் அவர்களுக்கு எஞ்சினுக்கு அடுத்த அதிசயம். மாமா ஒரு இடத்தில் இருக்கவில்லை. ஒவ்வொரு ஸ்ரேசனிலும் வாசலில் நின்று, ரயில் அசையும்போது தரை எவ்வளவு வேகத்தில் நழுவுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

சோளம் வெட்டிய ஒரு வயலின் பக்கத்தில் ரயிலை நிற்பாட்டி எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். படம் எடுப்பதற்காம். ஆட்களை இறக்கிவிட்டு, வெறும் ரயில் பின்னால் போய் வளைவில் மறைந்து, பிறகு புகையைத் தள்ளிக்கொண்டு முழு வேகத்தில் வந்து கடக்குமாம். அதைப் படம் பிடித்த பிறகு திரும்ப எல்லாரையும் ஏற்றுவார்களாம். சுப்பவைசர் ஒலிபெருக்கியில் சொன்னதை நான் அம்மாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். மாமா எங்களோடு இல்லை. எஞ்சினைக் கிட்ட நின்று பார்க்கப் போய்விட்டார். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

ரயில் பின்னால் நகர்ந்தது. பெட்டிகள் வெறுமையாகப் போகின்றன, சனம் முழுவதும் வயலுக்குள் நிற்கிறது. மாமா திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு தண்டவாளத்துக்குள் பாய்ந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்வாங்கும் எஞ்சினைத் துரத்தி ஓடினார். “நிப்பாட்டு! ஆக்கள் நிக்கினம்! ஆக்கள் நிக்கினமடா!” அறுபதை நெருங்கிய மனிதர் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. கையில் கொடி இல்லாவிட்டால் இரு கைகளையும் உயர்த்துவதுதான் அபாய அறிவிப்பாம், பிறகு சொன்னார். ரயில் நின்றது. படக்காரர்கள் கத்தினார்கள். ஒருவன் கெட்ட வார்த்தையால் திட்டினான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. கிட்டப்போய் அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

சுப்பவைசர் அவரைத் திட்டவில்லை. தன் ஆட்களிடம், இவர் ரயில்வே கார்ட், தன் வேலையைத்தான் செய்தார் என்று மட்டும் சொன்னார். படமெடுப்பெல்லாம் முடிந்து எல்லாரும் ஏறும் நேரம் தன்னிடமிருந்த பச்சைக் கொடியை மாமாவிடம் நீட்டினார். மரியாதை செய்வதாகத்தான் அந்த நல்ல மனிதர் நினைத்தார். மாமா வேண்டாமென்று தலையாட்டினார், பிறகு வாங்கினார். ரயிலின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை நடந்து பார்த்தார். வயலைப் பார்த்தார். அம்மா ஒருத்திதான் மிச்சம். சேற்றில் செருப்பு இழுபட, கட்லெட் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தார். எஞ்சின் ஊதியது. மாமா அசையவில்லை. அம்மாவின் இரண்டு கால்களும் உள்ளே வந்த பிறகுதான் கொடியை உயர்த்தினார்.

ரயில் வெளிக்கிட்டது. உண்மைதான், எவ்வளவு மெல்ல! பக்கத்தில் நடந்து வந்தே ஏறிவிடலாம். மாமா வாசலில் நின்று அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து எங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார். “அண்டைக்கு டீசல் எண்டபடியால்தான் அதுகள் விடுபட்டுப் போச்சுதுகள் எண்டு இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தனான். எஞ்சினில பிழையில்லை. கண்டிட்டுத்தான் நான் கொடி காட்டினனான்.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்: “கைப்பிள்ளையோட ஓடி வந்தவள், தங்கச்சி. எங்கயெண்டாலும் காணமாட்டனோ எண்டுதான் முகம் முகமாப் பாக்கிறன்.”

கடைசிப் பெட்டியிலிருந்து அந்தத் தலையணை அவருக்குப் பிள்ளையாகத் தெரிந்திருக்கிறது. இல்லாத ஒரு பிள்ளையையும் சேர்த்து அவர் இத்தனை வருடமாகச் சுமந்திருக்கிறார். நான் வாய் திறக்க முதல் அம்மா முந்திக்கொண்டார்.

“அண்ணை, அவையளை நான் கண்டனான். மொன்றியலில, ஒரு கலியாண வீட்டில. சுகமா இருக்கினம். பிள்ளையும் வளர்ந்திட்டுது.”

மாமா நிமிர்ந்து பார்த்தார். “ஆர் ஆக்கள்? எந்த ஊர்? பேர் என்னவாம்?”

“பேரோ… பேர் கேக்க மறந்துபோனன், அண்ணை.”

ஊர் எது, பேர் என்ன, ஆருடைய பிள்ளை என்று விசாரிக்காமல் எங்கள் மனிசி ஒருத்தி கலியாண வீட்டிலிருந்து வெளியே வருவாளா? அம்மா பந்தியில் பக்கத்து இலைக்காரியின் பூட்டன்வரை போய் வருகிறவர். அது மாமாவுக்கும் தெரியும். அவருடைய முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே இறங்கியதை நான் பார்த்தேன். அம்மாவை நான் கோபிக்கவில்லை. “வெளிக்கிடு முருகா” என்ற அந்த வாய்க்கு வேறு என்ன சொல்ல இருந்தது?

“மாமா,” என்றேன், “அது பிள்ளையில்லை. தலையணை. பூப்போட்ட உறை. நான் ஜன்னலுக்குள்ளால வடிவாக் கண்டனான்.”

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சின்னப் பிள்ளைகள் மண்சோறு கொண்டுவந்து தந்தால் சாப்பிடுவதுபோலப் பாவனை செய்வோமே, அந்தச் சிரிப்பு. “ரெண்டுபேரும் எனக்காகச் சொல்லுறியள். சந்தோசம்.”

“சத்தியமா, மாமா!”

“ஓம் பிள்ளை, ஓம்” என்று என் கையில் தட்டினார். பிறகு கட்லெட் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் முன்னால் யாருடைய முகத்தையும் தேடவில்லை. அம்மாவின் மனம் நோகக்கூடாது என்று நிற்பாட்டியிருப்பார். பிறகு இரண்டு தடவை நான் அந்தப் பேச்சை எடுத்தேன். இரண்டு தடவையும் “ஓம் பிள்ளை” என்று அதே சிரிப்பு. இப்போது அவர் இல்லை. அம்மாவும் இல்லை. நான் வேலைக்குப் போகும் ரயிலில் கதவுகள் தாமாக மூடுகின்றன. யாராவது ஓடிவந்து கண்ணாடியில் தட்டுவார்கள், ரயில் போய்விடும். உள்ளே இருக்கிற நாங்கள் எல்லாரும் கைபேசியைப் பார்ப்போம். எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது.

வீட்டுக்கு வந்தால் சேலைகளைத் தூக்கி அந்தப் படத்தை எடுப்பேன். மண்ணிறக் கோட், உயர்ந்த கைகள், நின்றுவிட்ட எஞ்சின். அந்த முதுகைப் பார்த்துச் சொல்வேன்: மாமா, அது தலையணைதான்.