கொட்டாஞ்சேனைக்கு இரட்டை வட்டம்

சண்டைக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடியறையில் எங்கள் கொம்பியூட்டர் கம்பனி. புரோகிராம் எழுதியவன் யாழ்ப்பாணத்தான், என்னைவிட நாலு வயது இளையவன், பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்தான். அவன் எழுதுவதை மற்றவர்களுக்கு விளங்கும்படி குறிப்பாக எழுதுவது என் வேலை.

அவன் செய்த புரோகிராம் ஒரு தானியங்கி. எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்து, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும். தாளில் நிலைக்கு ஒரு வட்டம், போகும் வழிக்கு ஒரு அம்பு. கடைசியில் வந்து நிற்கவேண்டிய நிலைக்கு மட்டும் இரட்டை வட்டம். புரோகிராமில் ஒவ்வொரு அம்பும் அட்டவணையில் ஒரு வரி.

வட்டங்களுக்கு அவன் வெறும் இலக்கம்தான் போட்டிருந்தான். "இது ஆருக்கடா விளங்கும்?" என்று எரிந்து விழுந்தேன். பஸ் போகிற வழி மாதிரி வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கோட்டை என்று பெயர் வைத்துப் பிரிண்ட் எடுத்தேன். நான் வீட்டுக்கு இறங்குவது கொட்டாஞ்சேனையில். இரட்டை வட்டத்தை அதற்குக் கொடுத்தேன். ஊர்ப் பெயரும் அம்பும் ஒரே தாளில் இருந்தால் குண்டு வைக்கப் போட்ட படம் என்பார்களென்று கொழும்பில் பிறந்த எனக்குத் தெரியாதா? அறிவுகெட்ட வேலை.

சரிபார்க்க அவன் அதை லொட்ஜுக்குக் கொண்டுபோனான். மறுநாள் விடிய ரவுண்டப், லொட்ஜை வளைத்து அறை அறையாகத் தேடினார்கள். தாளோடு அவனையும் கொண்டுபோனார்கள்.

ஊர்ப் பெயர்களை எழுதியது நான்தான் என்று சொல்லப் பொலிசுக்குப் போனேன். வழியெல்லாம் அந்த வசனத்தைச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். நான் வாய் திறக்குமுன் இன்ஸ்பெக்டர் அவனுடைய வாக்குமூலத்தை வாசித்தார். வரைந்ததும் பெயர் வைத்ததும் தானே, கம்பனியில் வேறு ஒருவருக்கும் தெரியாது என்றிருந்தது.

உண்மையைச் சொன்னால் அவன் பொய்யனாகிவிடுவான், பொய்யனை விடமாட்டார்கள். நான் சொல்லவில்லை. மனதின் ஒரு மூலையில் அப்பாடா என்றும் இருந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

கொட்டாஞ்சேனைக்கு மட்டும் ஏன் இரண்டு வட்டம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் கொண்டுபோயிருந்த புரோகிராம் அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, அம்புக்கு அம்பு, வரிக்கு வரி விளங்கப்படுத்தினேன். தலையாட்டினார். தாளைத் திருப்பித் தரவில்லை.

பதினோராம் நாள் விட்டார்கள். நேரே கம்பனிக்கு வந்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"உங்கட பேரைச் சொன்னா உங்களையும் பிடிச்சு வச்சிருப்பாங்கள் அக்கா."

கொம்பியூட்டருக்கு முன் இருந்தான். வலது கை விரல்கள் மடங்கவில்லை. கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பி, கதிரையை எனக்கு விட்டான். அவன் புரோகிராமை வரிவரியாகச் சொல்லச் சொல்ல நான் அழுதுகொண்டே தட்டினேன். பிழை விட்ட இடங்களில் மட்டும் நிறுத்தித் திருத்தினான்.