சானோ மாமாவின் நாக்கு

கழுத்து ஒடிந்த கிட்டார் எது வந்தாலும் சானோ மாமா முதலில் அதை நக்கிப் பார்ப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். வந்தவரை உட்காரச் சொல்ல மாட்டார், கூலி சொல்ல மாட்டார். ஒடிந்த முனைகளைச் சன்னல் பக்கம் எடுத்துப் போவார். கண்ணை மூடிக்கொண்டு, மரம் பிரிந்த இடத்தில் நாக்கின் நுனியை வைத்து மெல்ல இழுப்பார். சப்புக் கொட்டுவார். வாசலுக்குப் போய்த் துப்புவார். திரும்பி வந்து ஒரே வார்த்தை சொல்வார். ‘அடி’ என்பார், இல்லையென்றால் ‘பசை’ என்பார்.

எங்கள் ஊர் பராச்சோவில் அந்த வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. கிட்டார் செய்யாத வீடு எங்கள் தெருவில் குறைவு. ஆகவே செய்தவனுக்கும் வாங்கியவனுக்கும் சண்டை வராத வாரமும் குறைவு. தலை தானாகக் கழன்றுகொண்டது என்பான் வாங்கியவன். குடித்துவிட்டுக் கீழே போட்டாய் என்பான் செய்தவன். மாமா ‘அடி’ என்றால் வாங்கியவன் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். ‘பசை’ என்றால் செய்தவன் புதுக் கிட்டார் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் யாரும் பேசியது கிடையாது.

அந்தக் கிட்டார்கள் எங்கெங்கே கிடந்து வருகின்றன என்பது எனக்குத் தெரியும். சாராயக் கடையின் ஈரத் தரை, கல்யாண வீட்டுக் கொல்லை, லாரியின் பின்புறம். கம்பிகளுக்கு அடியில் வியர்வையும் தோலும் சேர்ந்து கறுப்பாக மெழுகுபோல உறைந்திருக்கும். ஒன்றின் வயிற்றைக் குலுக்கியபோது காய்ந்த கரப்பான்களோடு யாரோ மென்று ஒட்டிய பபிள்கம் விழுந்தது. இன்னொன்றின் கழுத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. மாமா அதையும் நக்கினார். பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்து, அடுப்பில் இருந்த சூப்பை அகப்பையால் எடுத்து உப்புப் பார்த்து, அகப்பையைத் திரும்பப் பானைக்குள் போட்டார். அவர் என் அம்மாவின் தம்பி. மனைவி இறந்தபின் மகள் பிரிகிடாவோடு எங்கள் வீட்டின் பின்கட்டில் இருந்தார். அவர் பட்டறைக்கும் எங்கள் அடுப்படிக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். மாட்டுத் தோல் பசை காயும் நாற்றம் எங்கள் சோளக் கஞ்சியில்கூட இருக்கும்.

என் தாத்தா நல்ல கிட்டார் செய்தவர். மாமாவுக்கு அது வரவில்லை. அவர் செய்த மூன்று நான்கும் கழுத்தைப் பிடித்த பன்றிக்குட்டி மாதிரிக் கத்தின என்று அம்மா சொல்வாள். பிறகுதான் ஒடிந்ததை ஒட்டும் வேலைக்குப் போனார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

மொரேலியாவில் உயிரியல் படித்து முடித்து ஊர் திரும்பினேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வந்த அன்று வாசலிலேயே குமட்டியது. இத்தனை வருடம் இதற்குள்தானே வளர்ந்தேன், இந்தக் குமட்டல் என்னுடையதா, இல்லை சான்றிதழோடு சேர்த்து யாரோ கையில் கொடுத்து அனுப்பியதா என்று பல நாள் யோசித்தேன். அம்மாவுக்கு யோசனையே தேவைப்படவில்லை.

“அஞ்சு வருஷம் படிச்சு மூக்கைப் பொத்தத்தான் கத்துக்கிட்டு வந்தியாடி?” என்றாள்.

மாமாவிடமே கேட்டேன், எதற்கு நக்குகிறீர்கள் என்று. ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். கிட்டாரின் தலை தனித்துண்டு. அதைக் கழுத்தோடு சாய்வாகச் சேர்த்து ஒட்டுகிறார்கள். அடிபட்டு ஒடிந்தால் மரம் நார் நாராகக் கிழியும், நாக்கில் முள்ளாகக் குத்தும். ஒட்டு விட்டுப் பிரிந்தால் கழுவின தட்டு மாதிரி வழுவழுப்பாக இருக்கும். நல்ல தோல்பசை எச்சில் பட்டதும் இளகி இறைச்சி ருசி காட்டும். மிச்சப் பசையில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் காய்ச்சியிருந்தால் புளிக்கும். திருவிழா ஆர்டர் குவியும் மாதங்களில் இங்கே பெரிய பட்டறைக்காரர்கள் செய்கிற திருட்டுத்தனம் அது. புளித்த பசை பார்வைக்குப் பிடித்துக்கொள்ளும். சில மாதம் கழித்துக் கம்பி இழுக்கிற இழுப்பில் ஒருநாள் விட்டுவிடும்.

“கண்ணு ஏமாந்துடும் புள்ள. மெருகு போட்டு மூடிட்டா கண்ணுக்கு என்ன தெரியும்? நாக்குக்கு மெருகு கிடையாது” என்றார்.

அருவருப்பாக இருந்தாலும் அதை நம்பினேன்.

அந்த வருடம் சனவரியில், மலைமேல் ஊரிலிருந்து காமிலோவும் அவன் தம்பி ரொசெந்தோவும் ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து புரெபெச்சா பாஷையில் பிரேக்குவா பாட்டுப் பாடுகிறவர்கள். காமிலோ கீழ்க்குரல், ரொசெந்தோ மேல்குரல். ரொசெந்தோவின் குரலுக்காகவே கூப்பிடுவார்கள். அவனைக் கூப்பிட யோசித்ததும் உண்டு, ஏனென்றால் குடித்துவிட்டு வந்து பாதிப் பாட்டில் மேடையிலேயே விழுந்துவிடுவான். அப்படிப்பட்டவன் முந்தைய வருடம் கோயிலில் மாதா முன் மண்டியிட்டு, ஒரு வருடம் குடியைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். எங்கள் பக்கத்தில் அதற்குப் பாதிரியார் கையெழுத்துப் போட்டு ஒரு அட்டை தருவார். அதைக் காட்டினால் கல்யாண வீட்டில்கூடக் கோப்பையை நீட்டி வம்பு பண்ண மாட்டார்கள். சத்தியம் முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்தது. ஊரே அதிசயமாகப் பார்த்தது.

அப்படி இருக்கையில் ஒரு கல்யாணத்தில் பாடிவிட்டு, கிட்டாரை ரொசெந்தோ தன் அறைக்கு எடுத்துப் போனான். காலையில் கிட்டாரின் தலை கம்பியில் தொங்கியது. ஆணியில் மாட்டினேன், அங்கேயே விட்டுக்கொண்டது என்றான். காமிலோவின் மனைவி நியெவெஸ் நம்பவில்லை. குடித்து விழுந்திருக்கிறாய் என்றாள். டான் சானோ சொல்லட்டும் என்று காமிலோ முடிவாகச் சொன்னான். பெரியவர்களை நாங்கள் மரியாதையாக டான் என்போம். ‘பசை’ என்றால் தம்பி சத்தியத்தைக் காப்பாற்றியவன், திருவிழாவில் அண்ணனோடு நின்று பாடுவான். ‘அடி’ என்றால் காமிலோ வேறு குரல் தேடுவான்.

அந்தக் கிட்டாரைச் செய்தவர் டான் எலிகியோ. எங்கள் தெருவிலேயே பெரிய பட்டறை அவருடையது. பிரிகிடாவின் ஞானத்தகப்பன், ஆகவே மாமாவும் அவரும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அண்ணன் தம்பி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் ஒரு பெரிய காகிதப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார். உள்ளே பன்றிக் கொழுப்பிலேயே பொரித்த பன்றிக்கறி. காகிதம் நனைந்து ஒளி தெரிந்தது. பசைச் சட்டிக்குப் பக்கத்திலேயே விரித்தார்கள்.

“காது வேணுமா, குடல் வேணுமா கொம்பாத்ரே?”

“எல்லாத்துலயும் கொஞ்சம் வைங்க. பன்னிகிட்ட என்ன பாகுபாடு?”

“தின்னுங்க. மலைக்காரப் பயலுக வருவானுங்க. குடிச்சுட்டுப் போட்டு ஒடச்சுட்டு என் பேரைக் கெடுக்குறானுங்க. நீங்க நக்கிப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்லல.” எலும்பை உறிஞ்சிவிட்டு, “ஆமா, பிரிகிடாவோட பதினஞ்சு வயசுக் கொண்டாட்டத்துக்கு பேண்டு வாத்தியம் என் பொறுப்பு. உருவாபன்லேருந்து வரவழைக்கிறேன்” என்றார்.

மாமா தலையாட்டினார். மோவாயில் கொழுப்பு வழிந்தது.

அண்ணன் தம்பியும் நியெவெஸும் உள்ளே வந்தபோது அவர் வாயைக்கூடத் துடைக்கவில்லை. கிட்டாரை வாங்கி சன்னலுக்குப் போனார். பன்றிக் கொழுப்பு பளபளத்த அந்த நாக்கை நீட்டி ஒட்டின இடத்தில் இழுத்தார். நான் பலகைச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாக்குக்கு அப்போது எந்த ருசி தெரிந்திருக்கும்? சப்புக் கொட்டினார். வழக்கம்போல வாசலுக்குப் போய்த் துப்பவில்லை. விழுங்கினார்.

“அடி” என்றார்.

ரொசெந்தோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “டான் சானோ, இன்னொரு தடவ பாருங்களேன்.”

“என் நாக்கு என்ன பஸ்ஸா, போயிட்டுத் திரும்பி வர?”

எலிகியோ பெரிதாகச் சிரித்தார். நான் போய்த் தலைத்துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு நார் இல்லை. விரலை வைத்தால் வழுக்கியது.

“மாமா, இதுல கிழிசல் எங்க இருக்கு? தட்டு மாதிரி இருக்கு. நீங்கதானே சொன்னீங்க...”

“பாப்பா மொரேலியாவுல தவளை அறுத்துப் படிச்சது” என்றார் எலிகியோ. “கிட்டாருக்குக் குடல் கிடையாது பாப்பா.”

இந்த முறை நியெவெஸும் சிரித்தாள். மாமா என் கையிலிருந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டார். அவர் விரல் கொழுப்பு என் கையில் ஒட்டியது. நான் காமிலோவின் முகத்துக்கு நேராகவே சொன்னேன், இது பசை விட்டது, உங்கள் தம்பி விழவில்லை என்று. அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். வகுப்பில் சிறுபிள்ளை பாட்டுப் பாடினால் கேட்பதுபோல.

“மாதா முன்னாடி முட்டி போட்டியே, அந்த முட்டியோடயே கடைக்குப் போனியா?” என்றாள் நியெவெஸ்.

“நான் குடிக்கல அண்ணி.”

“கிட்டாரு சொல்லுதே.”

“திருவிழாவுக்கு வேற ஆளப் பாத்துக்குறேன்” என்றான் காமிலோ. தம்பியைப் பார்க்காமல், என் மாமாவைப் பார்த்துச் சொன்னான்.

அவர்கள் போனபின் மாமா அந்தக் கிட்டாரை எடுத்தார். ஒட்டின பரப்பில் வெந்நீர்த் துணியை வைத்துப் பழைய பசையை இளக்கினார். எழும்பிய ஆவியில் புளிப்பு வாடை அடித்தது, கெட்டுப்போன பால் மாதிரி. அது என் மூக்குக்கு எட்டிவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது.

“கதவச் சாத்து, குளிர் அடிக்குது.”

“புளிக்குதே மாமா.”

“பிரிகிடாவுக்கு ஒரு தடவதான் பதினஞ்சு வயசு வரும்.”

“ரொசெந்தோவுக்கு?”

“குடிகாரனுக்கு நல்ல பேரு எதுக்குப் புள்ள? குடுத்தாலும் நாளைக்கே தொலைச்சுடுவான்.”

இந்த ஒரு வாக்கியம் எனக்கு உண்டாக்கிய அருவருப்பை எந்தக் கரப்பானும் உண்டாக்கியதில்லை. அதைவிட மோசம் அவர் அடுத்துச் செய்தது. இரண்டு முகங்களையும் சுத்தமாகச் சுரண்டி, நெருப்புக்குக் காட்டிச் சூடேற்றி, புதிதாகக் காய்ச்சிய பசை வைத்து, கயிறு சுற்றி இறுக்கினார். மறுநாள் கயிற்றை அவிழ்த்தால் ஒட்டின கோடே தெரியவில்லை. கூலி வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார். ஊரில் எல்லோரும் அவர் தாராள குணத்தைப் பாராட்டினார்கள். புளித்த பசைக்கு இருந்த ஒரே சாட்சி வெந்நீரோடு சாக்கடைக்குப் போயிற்று.

அந்த வாரமே ரொசெந்தோ குடித்தான். கோயில் படியில், பட்டப்பகலில், அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு குடித்தான். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது.

“பாத்தியா, நான்தான் சொன்னேன்ல?” என்றார். சோள ரொட்டியைச் சுருட்டிக் குழம்பில் தோய்த்து, நிம்மதியாக மென்றார். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். பிரிகிடாவின் விழாவில் பேண்டு வாத்தியம் இரவெல்லாம் முழங்கியது. நன்றாகவே வாசித்தார்கள்.

ரொசெந்தோ திரும்ப எழுந்தான், அதுதான் யாரும் எதிர்பார்க்காதது. உருவாபனில் அவகாடோ பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனான். மறுபடி சத்தியம் செய்தான், இந்த முறை காப்பாற்றினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தான்.

“டான் சானோ, புதுக் கிட்டார் எல்லாம் எனக்கு வேணாம். எங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்ப நான் குடிக்கலன்னு மட்டும். அவன் பக்கத்துல நின்னு பாடணும், அவ்வளவுதான்.”

மாமா மறுக்கவில்லை. அது அவர் குணமில்லை. “சொல்றேன்டா. கார்ப்பஸ் திருநாள் போகட்டும்” என்றார். கார்ப்பஸ் போனது. கிட்டார் திருவிழா முடியட்டும் என்றார். அது முடிந்தது. கல்லறைத் திருநாள் வரட்டும், மலைக்கு நானே போறேன் என்றார். எலிகியோ உயிரோடு தெருக்கோடியில் இருக்கும்போது அவர் எங்கே போவார்? நான் கேட்கும்போதெல்லாம், “அவசரப்பட்டா ஒட்டு நிக்காது” என்று வேலைப் பேச்சாக ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

கல்லறைத் திருநாளும் போய், தவக்காலத்தில் மாமா செத்துப்போனார். சர்க்கரை வியாதி, கால் கறுத்து அழுகி, அறைக்குள் பசைச் சட்டி வாடையை அந்த வாடை மிஞ்சியது. கட்டு மாற்றியது நான்தான். ரொசெந்தோவின் பேரை எடுத்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சவப்பெட்டியை முன்னால் தூக்கியது எலிகியோ. அழுதுகொண்டே, இப்படி ஒரு நேர்மையான நாக்கு இனி இந்த ஊரில் பிறக்காது என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆமென் என்றார்கள். எனக்கு வாந்தி வந்தது. அது மூக்கால் வந்ததா வேறெங்கிருந்தோ வந்ததா என்று அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் மலைக்கு பஸ் ஏறினேன். காமிலோ வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். பன்றிக்கறி, புளிப்பு வாடை, பேண்டு வாத்தியம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டான். நியெவெஸ் அடுப்படியிலிருந்து வந்து நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

“டான் சானோ சாகும்போது இத உன்கிட்ட சொன்னாரா?” என்றான்.

“இல்ல. சொல்லல.”

காமிலோ ஒரு கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நீ சொல்றது சரியா இருக்கலாம் பொண்ணே. நீ படிச்சவ, பொய் சொல்ல இவ்ளோ தூரம் வரமாட்ட. ஆனா ஊருக்கு முன்னாடி ‘அடி’ன்னு சொன்னது அவரு. மாத்திச் சொல்ல வேண்டியதும் அவருதான். நீ சொன்னா, செத்த மனுசன் மேல மருமக பழி போடுறான்னுதான் பேசுவாங்க.”

“ரொசெந்தோ?”

“அவன் நல்லா இருக்கட்டும்.”

கட்டையை அடுக்கின்மேல் வைத்தான். நியெவெஸ் எனக்கு ஒரு கோப்பை சோளக் கஞ்சி கொண்டுவந்து நீட்டினாள். திருவிழாவில் இப்போது காமிலோவோடு வேறு ஒருவன்தான் பாடுகிறான். மேல்குரல் அவனுக்கு எட்டவில்லை.