தவழ்ந்து வந்த சாட்சி

காட்டில் கேமராக்கா செய்கிற வேலையில் பாதி தவழ்வதுதான். மிருகம் கடந்தால் தானே படமெடுக்கும் கேமராவை மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டி, பேட்டரி மாற்றி, நேரம் வைப்பார். பிறகு அதன் முன்னால் நாலு காலில் போவார். மிருகத்தின் உயரத்தில் போனால்தான் அது படம் பிடிக்கிறதா என்று தெரியும். பதினோரு ஆண்டாகிறது, நாற்பது கேமராக்கள். வனத்துறையில் இன்னும் தற்காலிக ஊழியர்.

“இன்னைக்குக் கரடியா, பன்னியாக்கா?” என்பார் ஜீப் டிரைவர்.

“கரடி. பன்னிக்குத்தான் நீ இருக்கியே.”

அந்தச் சோதனைப் படத்தை யார் கண்ணிலும் படாமல் அழித்துவிடுவார். ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று விடுப்பில் இருந்தபோது, கேமராவின் மெமரி கார்டை வன அதிகாரியே திறந்து பார்த்துவிட்டார். முதலில் இருந்த சோதனைப் படத்தைக் கவனிக்காமல் தள்ளிவிட்டுப் பார்த்ததில், விறகுக் கட்டுடன் ஒரு கிழவர். அடியில் இரவு 11.40. பகலில் விறகு பொறுக்கலாம். இரவில் நுழைந்தால் வேட்டை வழக்கு, சிறை.

மறுநாள் கேமராக்கா அலுவலகத்துக்கு வந்தபோது கிழவரைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன.

“பட்டப்பகல்லதாங்க போனேன்.”

“மெஷின் பொய் சொல்லுமாய்யா?” என்றார் அதிகாரி.

படம் இரவில் எடுத்ததுபோலக் கறுப்பு வெள்ளை. அந்த அடர்ந்த நிழலில் நண்பகலிலும் அப்படித்தான் விழும். கேமராக்கா தன் சோதனைப் படத்தைத் தேடி எடுத்தார். அடியில் இரவு 10.15; அவர் தவழ்ந்ததோ காலையில். ஏ.எம். இருக்க வேண்டிய இடத்தில் பி.எம். வைத்தது அவர் விரல்தான். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும், கிழவர் தப்பமாட்டார்.

“சார், முதல் படத்தப் பாருங்க.”

“இது என்னம்மா, நீயா?” அறையே சிரித்தது.

“நான்தான். ராத்திரி பத்தேகாலுக்கு நான் காட்டுல தவழ்ந்துட்டா இருந்தேன்? அன்னைக்குச் சாயங்காலமே இங்க கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன், நோட்டைப் பாருங்க. மெஷின் பொய் சொல்லல சார். நான் தப்பாச் சொல்லிக் குடுத்தத அப்படியே சொல்லுது.”

சிரிப்பு நின்றது. கிழவரை விட்டார்கள், மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டுக் கேமராக்காவுக்குக் கடிதம் வந்தது. விசாரிக்காமல் ஆளைப் பிடித்து வந்த அதிகாரிக்கு எதுவும் வரவில்லை. ஓராண்டு ஒப்பந்தம் மூன்று மாதமாகச் சுருங்கியது.

இப்போது அவர் தவழும்போது, தேதியும் ‘காலை 10.15’ என்பதுபோல நேரமும் எழுதிய அட்டை ஒன்று கழுத்தில் தொங்குகிறது.

“கரடிக்குப் படிப்பு வந்துடுச்சே அக்கா!”

“ஆபீஸ்ல யாருக்காவது வரணும்ல?”

அந்தப் படங்களை இப்போது அவர் அழிப்பதில்லை.