வாளி தூக்கும் வாத்தும் அதை வாங்க மறுத்தவர்களும்

வீடியோ கேம் கடையில் வேலை செய்பவருக்கு நல்ல கேம் எது என்று தெரிந்திருப்பதைப் போல ஓர் இடைஞ்சல் வேறு இல்லை. துணிக்கடையிலும் ஃபோன் கடையிலும் நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். நமக்குப் பிடித்த பொருளை மட்டும் எவனும் வாங்க மாட்டான்.

ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டாரில் கிளம்பி, ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய பேரங்காடியின் இரண்டாம் மாடிக்கு வந்து சேருவேன். ஃபோன் ரிப்பேர் கடைக்கும் நகம் அலங்கரிக்கும் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. முதலாளி ரஹீம் அண்ணே. வேலையாள் நான் ஒருத்திதான்.

டெஸ்ட் பண்ணிய கதை

பழைய டிஸ்க்கை யாராவது விற்க வந்தால், அதை மெஷினில் போட்டு ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. அப்படித்தான் அந்த வாத்து என் கைக்கு வந்தது. அட்டையில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட குண்டு வாத்து, கையில் வாளி. பால் பவுடர் டின் மாதிரி ஒரு படம். குதித்துத் தாவிப் போகிற பிளாட்ஃபார்மர் வகைதான். ஆனால் வாளியில் தண்ணீர் நிறைய இருந்தால் வாத்தால் உயரமாகக் குதிக்க முடியாது. கொஞ்சம் கொட்டினால் உயரம் போகும். கொட்டிக்கொண்டே போனால், கடைசியில் காய்ந்து நிற்கும் மரத்துக்கு ஊற்ற ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு தாவலுக்கும் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டும்.

காலையில் போட்டேன். மதியச் சாப்பாடு மறந்துபோனது. அந்த வேகத்திலேயே ரஹீம் அண்ணேயிடம் இந்தக் கேமில் ஒரு பெட்டி எடுங்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார். தீபாவளிக்குள் எல்லாம் விற்றுவிட்டால் இனிமேல் கடைக்குச் சரக்கு எடுக்கிற பொறுப்பு எனக்கு. விற்காவிட்டால் அந்தப் பேச்சையே நான் எடுக்கக் கூடாது. பல வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த பொறுப்பு அது. உடனே சரி என்றேன். அவர் டிவியில் நின்றுகொண்டிருந்த வாத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒன்ன டெஸ்ட் பண்ணத்தானே சொன்னேன், அதோட குடும்பம் நடத்தவா சொன்னேன்?”

என்ன இல்லை?

முதலில் மாட்டியவர் ஃபேக்டரியில் டெக்னீஷியனாக இருக்கும் ஒரு தம்பி. மாதச் சம்பளம் வந்ததும் கடைக்கு வருவார். அவரை நிற்கவைத்து, தண்ணீர் எப்படித் ததும்புகிறது, காற்றடிக்கும்போது வாத்து எப்படிச் சாய்ந்து நடக்கிறது, பின்னணி இசை வாளியின் கனத்துக்கு ஏற்ப எப்படி மாறுகிறது என்று தொண்டை வற்ற விளக்கினேன். அவரும் விளையாடினார், சிரித்தார், அடுத்த கட்டத்துக்கும் போனார். விற்றுவிட்டோம் என்று நான் பையை எடுத்தேன். கன்ட்ரோலரை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா, ஆனா வாத்து கையில துப்பாக்கி இல்லையே.”

தலையணை உறைக்குள்

சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் மகளின் பிறந்தநாளுக்கு ஏதாவது வாங்க வந்தார். வாத்தைக் கொடுத்தேன். ‘சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கே’ என்று இழுத்தார். நான் விடவில்லை. ஒருவழியாக ஒன்று விற்றது.

அடுத்த வாரம் அதே ஆள் தலையணை உறைக்குள் கேம் மெஷினையே போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்று நான் பில் புத்தகத்தைத் தேடினேன். மனிதர் வயர்களை எடுத்து எங்கள் டிவியில் மாட்டி, காற்றாலைக் கட்டத்தைக் காட்டினார். வாளியைக் கவிழ்க்காமல் அதைத் தாண்ட முடியவில்லையாம். லீவு போட்டும் பார்த்தாராம். தாண்டிக் காட்டினேன். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பின்னால் மூன்று பேர் காத்திருந்து, சலித்து, போய்விட்டார்கள். கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மகளுக்கு வேற ஏதாச்சும் குடும்மா, இத நான் வச்சிக்கிறேன், அவகிட்ட சொல்லிடாத.”

தெரிந்தவர் வேண்டும்

சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஒருவர் வந்தார். மூளைக்கு வேலை கொடுக்கிற கேம் வேண்டும் என்றார். நான் வாத்தை எடுத்து வாயைத் திறப்பதற்குள், கேம் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லையா என்று கேட்டார். ரஹீம் அண்ணேயைக் கூப்பிட்டேன். அவர் இதற்கு முன் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடிப்பார்.

அண்ணே என்னைப் பார்த்தார். நான் மெதுவாக ஒரு வரி சொன்னேன். அவர் அதை உரக்கச் சொன்னார். அடுத்த வரி சொன்னேன். அதையும் சொன்னார். இப்படியே கடைசிவரை போனது. ஆபீஸ்காரர் தலையாட்டிக் கேட்டு, வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பி அன்பாகச் சொன்னார்: “பாத்துக் கத்துக்கங்க தங்கச்சி, அண்ணே எவ்ளோ தெளிவா சொல்றாரு.”

கொட்டிவிட்டவர்

பக்கத்துக் கடையில் கணவரின் ஃபோன் சரியாகும்வரை உட்கார இடம் தேடி ஓர் அக்கா உள்ளே வந்தார். மருத்துவமனையில் தாதியாம், வேலை முடிந்து நேராக வந்திருந்தார். சும்மா இருக்கிறாரே என்று கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பிடிக்கிறார். கொஞ்ச நேரம் விழுந்தார், எழுந்தார். பிறகு காற்றாலைக்கு வந்து, வாளித் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டார். அய்யோ என்று நான் வாயெடுப்பதற்குள் வாத்து, நான் ஏறவே முடியாது என்று நினைத்திருந்த பாறைக்கு மேல் நின்றது. அங்கே ஒரு சுனை. அத்தனை வாரமாக விளையாடியும் அப்படியோர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தில் நான் ஒரு சொட்டையும் விடாமல் பிடித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

அந்த அக்கா வாளியை நிரப்பி, மரத்துக்கு ஊற்றி, அது துளிர்க்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்த மாதிரியும் இருந்தது. இவருக்கு விற்காமல் வேறு யாருக்கு விற்பது என்று நான் பையை எடுத்தபோது எழுந்து நின்றார்: “ரொம்ப நல்லாருக்கும்மா, ஆனா எங்க வீட்ல இதப் போடுற மெஷின் இல்லையே.”

கூடை

தீபாவளி வந்தது. பெட்டியில் பாதி அப்படியே இருந்தது. ரஹீம் அண்ணே மீதியை எடுத்து, எதை எடுத்தாலும் விலை பத்து வெள்ளி என்று எழுதிய கூடையில், பழைய பந்து விளையாட்டுகளுக்கு அடியில் கொட்டினார். நான் அன்று முழுக்க அந்தப் பக்கம் திரும்பவில்லை. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

ஆனால் கூடையைக் கிளறியவர்கள், ஏதோ புதையல் கிடைத்த மாதிரி வாத்தை எடுத்து ஒளித்து ஒளித்துக் கொண்டுவந்தார்கள். சில நாளில் எல்லாம் காலி. அண்ணே கூடையை எட்டிப் பார்த்து, அடுத்த சரக்கை நானே எடுக்கலாம், ஆனால் வருகிறவர்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்றார். கடைசியாக இருந்ததை வாங்கிய காலேஜ் தம்பி மறுநாளே திரும்பி வந்து, என் முகத்துக்கு நேராக அட்டையை ஆட்டினார்: “இவ்ளோ நல்ல கேம கூடையில போட்டு வச்சிருக்கீங்களே அக்கா, ஒங்களுக்கெல்லாம் கேம் பத்தி ஒன்னுமே தெரியாதா லா?”

இப்போதெல்லாம் எனக்குப் பிடித்த கேமைப் பேசாமல் கூடைக்கு அடியில் தள்ளிவிட்டு, அதைக் கண்டெடுத்து வந்து எனக்கே சிபாரிசு செய்பவர்களிடம் “அப்படியா?” என்று கேட்டுக்கொள்வதுதான் என் விற்பனைத் திறமை.