ஜெனியின் கண்கள் ஓரிடத்தில் நின்றபோது

எங்கள் மகள் ஜெனியின் பென்ஷன் நின்றுபோனபோது நான் உடைந்துபோனேன். அவளுக்கு ஏழு வயது. எழுந்து உட்காரமாட்டாள், பேசமாட்டாள். கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொல்லயிலில் இருக்கிறோம்.

மாற்றுத்திறனாளி பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் மஸ்டரிங், அதாவது உயிரோடு இருப்பதற்கான பதிவு, செய்ய வேண்டும் என்று விதி வந்தது. கைரேகையையோ கண்ணையோ கருவியில் பதிய வேண்டும். படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்குச் சேவை மையத்திலிருந்தே வருவார்கள். சேவை மையப் பெண் வந்த அன்று, ஜெனியின் இறுகிய விரல்கள் விரியட்டும் என்று தேங்காயெண்ணெய் தேய்த்திருந்தேன். ரேகை பதியவில்லை. கண்ணும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பென்ஷன் நின்றது. பிசியோதெரபியை நிறுத்தினோம். எண்ணெய் தேய்க்காமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போயிற்று.

எங்கள் சபையில் ஷீபா அக்கா இருக்கிறார்கள். அவர்கள் மகனும் ஜெனியைப் போலத்தான். அவனுக்குப் பென்ஷன் தடையில்லாமல் வந்தது. ஜெபக்கூட்டத்தில் அக்கா அதற்கு நன்றி சொன்னபோது நானும் ஆமென் சொன்னேன். உள்ளே எரிந்தது. என் பிள்ளை எதில் குறைந்தவள், ஆண்டவரே? தினமும் இதுதான் என் ஜெபம். வேறு வார்த்தை வரவில்லை.

ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் அக்காவே வந்து விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"எண்ணெய் தேச்ச கையில ரேகை எப்பிடி விழும் மக்கா? எனக்க பயலுக்கு கண்ணு வச்சாக்கும் எடுத்தது. நான் பாடினேன், அவன் பாத்தான். அந்த சேவை மையத்துப் பிள்ளைய மறுபடி வரச்சொல்லு. நானும் வாறேன்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். எப்படியோ தலையாட்டிவிட்டேன்.

சேவை மையப் பெண் மறுபடி வந்த அன்று அக்காவும் வந்தார்கள். கருவிக்குப் பின்னால் மண்டியிட்டு, ஞாயிறு பள்ளிப் பாட்டு ஒன்றை மெதுவாகப் பாடினார்கள். அலைந்துகொண்டிருந்த ஜெனியின் கண்கள் அக்காவின் முகத்தில் வந்து நின்றன.

"கிட்டி, சேச்சி," என்று, பதிவாகிவிட்டதை மலையாளத்தில் சொன்னாள் சேவை மையப் பெண்.

நான் அழுதேன். சந்தோஷம் மட்டுமல்ல.

"என்னைய அவ இப்பிடிப் பாத்ததே இல்ல அக்கா."

"நீ எப்பவும் மருந்தும் கரண்டியுமா போனா அவ எப்பிடிப் பாப்பா? ஒரு பாட்டு பாடினியா?"

பென்ஷன் திரும்ப வந்தது. பிசியோதெரபியும் தொடங்கிவிட்டது. இப்போது நான் தினமும் ஜெனிக்குப் பாடுகிறேன். சில நாள் பார்க்கிறாள். பொறாமை இன்னும் வருகிறது. வந்தால் அதையும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்கிறேன்.

பிள்ளையின் உதவி நின்று தவிக்கிற சகோதரிகளே, ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். யாரைப் பார்த்து உங்கள் மனம் எரிகிறதோ, அவர்களிடமே மனம் திறந்து சொல்லுங்கள். எனக்கான பதிலைத் தேவன் ஷீபா அக்காவிடம்தான் வைத்திருந்தார்.